அச்சாகாத கதைக்கு ஒன்றரை லட்சம் டாலர்

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை 1,50,000 டாலர். வக்கீலும் அவரோடு சேர்ந்தவர்களும் எடுத்துக்கொண்டது 45 சதவீதம், அதாவது 67,500. கதைக்குச் சொந்தக்காரர் கைக்கு வந்தது 82,500, அதுவும் வரி கட்டுவதற்கு முன்னால். இவ்வளவு கொடுத்த நிறுவனம் அந்தக் கதையில் ஒரு வரிகூட அச்சிடவில்லை.

விற்றவர் கேரன் மெக்டூகல், 1998-இல் பிளேபாய் இதழ் அந்த ஆண்டின் மாடலாகத் தேர்ந்தெடுத்தவர். வாங்கியது அமெரிக்கன் மீடியா என்ற நிறுவனம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்துத் தலைப்புகளோடு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த நேஷனல் என்குவயரர் அப்போது இவர்களுடையது. விற்ற கதை: 2006-07 வாக்கில் டொனால்ட் டிரம்புடன் தனக்குப் பத்து மாதம் உறவு இருந்தது என்பது. டிரம்ப் அதை மறுத்து வருகிறார். உறவு நடந்ததா இல்லையா என்ற விவகாரத்துக்குள் நான் போகப் போவதில்லை. சாதாரணமாக ஒருவர் தன் சொந்தக் கதையைப் பத்திரிகைக்கு விற்றால் ஒப்பந்தம் இரண்டு பக்கமும் பீரோவுக்குள் போய்விடும், வெளியில் இருப்பவர்களுக்கு வதந்தி மட்டும்தான் மிஞ்சும். இந்த ஒரு விவகாரத்தில் மட்டும் ஒப்பந்தம், குறுஞ்செய்தி, சாட்சியம் என்று எல்லாமே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன. பணம் எப்போது வரும், எதற்காக வரும், யார் வழியாக வரும் என்பதைக் காகிதத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை அதை வைத்துப் படியுங்கள். கதை அச்சாகப் போகிறது என்றால் பணம் பிந்தி வருகிறது. கதையைப் புதைக்கப் போகிறார்கள் என்றால் பணம் உடனே வருகிறது.

விற்க வந்த கதை

2016 மே மாதம். டிரம்ப் குடியரசுக் கட்சி வேட்பாளராக ஆகப் போவது கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட நேரம். இன்னொரு முன்னாள் பிளேபாய் மாடல் ட்விட்டரில் மெக்டூகல் பெயரையும் டிரம்ப் பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார். எப்படியும் வெளியே வரத்தான் போகிறது, வந்தால் உன் வாயால் வரட்டும், நாலு காசும் பார்க்கலாம் என்கிற ரீதியில் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் தொடர்பில் கை மாறிக் கை மாறி விஷயம் கீத் டேவிட்சன் என்ற கலிபோர்னியா வக்கீலிடம் போய்ச் சேர்ந்தது. பிரபலங்களைப் பற்றிய அந்தரங்கக் கதைகளை விலைபேசிக் கொடுப்பதில் பழக்கமுள்ளவர் அவர்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் டேவிட்சன் என்குவயரரின் ஆசிரியர் டிலன் ஹோவர்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார், டிரம்ப் பற்றிப் பெரிய கதை ஒன்று இருக்கிறது என்று. யாரும் கொடுக்காத விலையை நான் கொடுக்கிறேன் என்கிற பாணியில் ஹோவர்டு பதில் போடுகிறார். இவர்கள் இரண்டு பேரும் முன்பே பழகியவர்கள், ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொள்ளும் அளவுக்கு. பேரம் நடந்துகொண்டிருந்தபோது, விலையோடு தனக்கு மான் தீவின் தூதர் பதவியையும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று டேவிட்சன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அது வெறும் ஜோக் என்று பிறகு, 2024-இல் நியூயார்க்கில் டிரம்ப் மேல் நடந்த வழக்கில், சாட்சிக் கூண்டில் விளக்கம் சொன்னார். ஜோக்காகவே இருக்கட்டும். கதையை விற்கும் பெண்ணின் வக்கீலும் வாங்கும் பத்திரிகையின் ஆசிரியரும் இந்தத் தொனியில் பேசிக்கொள்கிறார்கள், கதைக்காரர் அந்தப் பேச்சிலேயே இல்லை.

ஜூன் 20 அன்று ஹோவர்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறந்து வந்து மெக்டூகலை மணிக்கணக்கில் பேட்டி எடுத்தார். எடுத்த பிறகு பேச்சுமூச்சில்லை, வாங்கவும் இல்லை. 2018-இல் மெக்டூகல் தொடுத்த வழக்கின் மனுப்படி, டேவிட்சன் ஆரம்பத்தில் அவரிடம் சொன்ன கதையே வேறு: அந்த நிறுவனம் ஐந்து லட்சம் டாலரை எஸ்க்ரோ கணக்கில் போட்டு வைத்திருக்கிறது, ஏழு இலக்கத் தொகைக்கு ஒப்பந்தம் காத்திருக்கிறது. எஸ்க்ரோ என்றால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் மூன்றாமவரிடம் பணத்தைக் கட்டி வைப்பது, இரண்டு பக்கமும் சொன்னபடி செய்ததும் அவர் எடுத்துக் கொடுப்பார். அப்படி எந்தக் கணக்கிலும் எந்தப் பணமும் இல்லை என்கிறது அதே மனு. இந்த இடத்தில் ஒரே ஒரு தாள் கேட்டிருந்தால் போதும், எஸ்க்ரோ வைத்திருப்பவர் பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதித் தரும் தாள். யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஏபிசி தொலைக்காட்சியின் செய்திப் பிரிவு வந்தது. அவர்களுக்குக் கதை வேண்டும், பணம் தர மாட்டார்கள். அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களும் செய்தி நிறுவனங்களும் பேட்டிக்குக் காசு கொடுப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. தொலைக்காட்சிகளும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். ஆனால் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு பின்வாசல் உண்டு. பேட்டிக்குக் காசு இல்லை, உங்கள் வீட்டு ஆல்பத்துப் படங்களைப் பயன்படுத்த உரிமைக் கட்டணம் தருகிறோம் என்பார்கள். இதே ஏபிசி 2008-இல், தன் குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட புளோரிடாவின் கேசி ஆந்தனி வழக்கில் படங்களுக்கும் வீடியோவுக்கும் என்று 2,00,000 டாலர் கொடுத்திருந்தது 2010-இல் நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது. மெக்டூகல் விஷயத்தில் அந்தப் பின்வாசலும் திறக்கவில்லை.

ஆனாலும் ஏபிசி வந்ததால் ஒரு காரியம் நடந்தது. ஜூனில் வாங்க மனமில்லாதிருந்த நிறுவனம் ஆகஸ்ட் பிறந்ததும் ஓடி வந்தது. இன்னொருவன் போட்டு உடைத்துவிடுவான் என்றதும் விலை பிறந்துவிட்டது.

கையெழுத்து

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒப்பந்தம். சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 10 வாக்கில், 1,50,000 டாலர் டேவிட்சனுக்குப் போய்விட்டது. நேராக மெக்டூகலுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். வக்கீல் கைக்கு முழுத் தொகை வரும், அவரும் கூட்டாளிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். 45 சதவீதம் என்பது எனக்கு மலைப்பாக இருக்கிறது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் அமெரிக்க வக்கீல்கள் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு கேட்பார்கள், அதிலும் வழக்கு நடத்தும் உழைப்பு இருக்கிறது. இங்கே நடந்தது ஒரு பேரமும் ஒரு காகிதமும்.

அந்தக் காகிதத்தில் இரண்டு பகுதிகள். முதலாவது, அப்போது திருமணமாகியிருந்த எந்த ஆணுடனும் மெக்டூகலுக்கு எப்போதாவது இருந்த உறவு பற்றிய கதையின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. பெயர் ஏதும் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாவது, நிறுவனத்தின் இதழ்களில் மெக்டூகல் பெயரில் உடற்பயிற்சி, முதுமையைத் தள்ளிப்போடுவது போன்ற தலைப்புகளில் தொடர் பத்திகள், இரண்டு அட்டைப்படங்கள்.

நடந்ததைப் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். ஏதோ ஏமாந்த பெண், கதை அச்சாகும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று. அப்படி இல்லை. கதை வெளிவராது என்பது தனக்குத் தெரியும் என்று மெக்டூகலே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதுதான் சௌகரியமாகவும் இருந்தது. ஊர் வாயில் விழ வேண்டாம், பணமும் வரும், நாற்பதுகளின் நடுவில் நின்றுபோயிருந்த மாடலிங் வேலைக்கு அட்டைப்படமும் பத்திகளும் புது உயிர் கொடுக்கும். அவர் கணக்கில் உண்மையான கூலி இரண்டாவது பகுதியில் இருந்தது. முதல் பகுதிக்கு வந்த பணம் அட்வான்ஸ் மாதிரி.

கோளாறும் அந்த இரண்டாவது பகுதியில்தான். பத்திகளை வெளியிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு, வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. எழுத்து அப்படித்தான் இருந்தது. மெக்டூகல் கதையைக் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. நிறுவனம் தான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். சொன்ன அளவுக்குப் பத்திகள் வரவில்லை என்பது பிறகு அவர் போட்ட வழக்கின் முக்கியப் புகார். நம்ம ஊர் சினிமாவிலும் ஒரு கதையின் உரிமையை வாங்கி, படம் எடுக்காமல், இன்னொருவர் எடுக்கவும் விடாமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பது நடப்பதுதான், விவரம் தெரிந்த எழுத்தாளர்கள் இத்தனை ஆண்டுக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை என்னிடம் திரும்பிவிடும் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். மெக்டூகலின் தாளில் அந்த ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் நிறுவனம் கையெழுத்தே போட்டிருக்காது என்பது வேறு விஷயம், ஆனால் அந்த மறுப்பிலேயே எதை வாங்குகிறார்கள் என்பது அவருக்கு விளங்கியிருக்கும்.

எதை வாங்கினார்கள் என்பதற்கு அடுத்த மாதமே சாட்சி கிடைக்கிறது. செப்டம்பர் 2016 கடைசியில் நிறுவனத்தின் தலைவர் டேவிட் பெக்கர், மெக்டூகல் கதையின் உரிமையை டிரம்பின் வக்கீல் மைக்கேல் கோஹன் ஆரம்பித்த ஒரு கம்பெனிக்கு 1,25,000 டாலருக்கு எழுதிக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டார். ஏன் 1,50,000 இல்லை? அட்டைப்படம், பத்தி ஆகியவற்றின் மதிப்பு 25,000 என்று கழித்துக்கொண்டார்கள். இந்தக் கழித்தலை இரண்டு தடவை படித்தேன். மெக்டூகல் எதை நம்பிக் கையெழுத்துப் போட்டாரோ அதற்கு நிறுவனம் போட்ட விலை ஆறில் ஒரு பங்கு. மற்ற ஐந்து பங்கும் வாய் மூடியிருப்பதற்கு.

அந்த விற்பனையும் நடக்கவில்லை. பெக்கர் தன் வக்கீலிடம் பேசிவிட்டு, இது வேண்டாம், அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று கோஹனிடம் சொல்லிவிட்டார். தாள் கிழியவில்லை, 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சான்றாக வந்து நின்றது. பெக்கருக்கு அவர் போட்ட காசு திரும்பி வரவே இல்லை.

வாயில்காப்பாளரும் 15,000 டாலர் பேட்டியும்

மெக்டூகலுக்கு முன்னால் இதே நிறுவனம் இன்னொருவர் கதையை வாங்கியிருந்தது. டிரம்பின் கட்டடம் ஒன்றில் வாயில்காப்பாளராக இருந்தவர், டிரம்புக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று வந்தார். பின்னால் நிறுவனமே விசாரித்து அது உண்மையில்லை என்ற முடிவுக்கு வந்தது. நமக்கு வேண்டியது அவருடைய ஒப்பந்தம். 2015 நவம்பரில் எழுதியது, தொகை 30,000 டாலர், அச்சில் வரும்போது பணம். இது மஞ்சள் பத்திரிகை உலகத்தின் வழக்கமான ஷரத்துதான். கதை சோடை போனால், வேறு பெரிய செய்தி வந்து பக்கம் இல்லாமல் போனால், சட்டப் பிரிவு பயந்தால், பத்திரிகைக்கு நஷ்டம் இல்லை. அத்தனை நஷ்டமும் கதைக்காரர் தலையில்.

ஒரு மாதம் கழித்து டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அச்சில் வரும்போது என்பது போய், கையெழுத்துப் போட்ட ஐந்து நாளுக்குள் பணம் என்று ஆனது. கேட்கிறவருக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். கூடவே, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று இருந்த பிரத்யேக உரிமை காலாகாலத்துக்கும் என்று மாறியது. மீறி யாரிடமாவது வாயைத் திறந்தால் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு. ஆசிரியர்கள் ஒரு கதைக்கு 10,000 டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டுமானால் தன்னிடம் கேட்க வேண்டும் என்பது தன் விதி என்று பெக்கரே சாட்சியம் சொன்னார். அதைப் போல மூன்று மடங்கை, உறுதியாகாத கதைக்கு, அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில் அவரை அந்தக் கட்டிலிருந்து விடுவித்தும் விட்டார்கள்.

எதிர்த் திசையில் ஒரு உதாரணம். ஸ்டார்மி டேனியல்ஸ் என்று பிறகு உலகமே தெரிந்துகொண்ட நடிகை, 2011-இலேயே தன் கதையை ஒரு வார இதழுக்குச் சொல்லியிருந்தார். பேசிய தொகை 15,000 டாலர். பேட்டி முடிந்தது, பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்கார்ந்தார். இதழ்க்காரர்கள் மறுதரப்பிடம் கருத்துக் கேட்கப் போனதும் கோஹன் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதாக அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். கதையை நிறுத்திவிட்டார்கள். பணமும் வரவில்லை, ஒரு டாலர்கூட. ஏழு வருடம் கழித்து, 2018 ஜனவரியில், அவர் பெயர் நாடெங்கும் அடிபட்ட வாரத்தில், அதே குழுமத்தைச் சேர்ந்த இன் டச் இதழ் பழைய பேட்டியை எடுத்து அச்சிட்டு விற்றது. அந்த 15,000 தனக்கு வரவே இல்லை என்று அவர் தொலைக்காட்சியில் சொன்னார்.

இதுதான் எனக்கு மெக்டூகல் விவகாரத்தைவிடக் கோபம் வரவைப்பது. சொன்ன வார்த்தையை நாடா பதிவு செய்துவிட்டது, நாடா அவர்களிடம் இருக்கிறது, அதை என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பணம் மட்டும் வேறு நிபந்தனையில் தொங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் பேச உட்காரும் முன்பே பாதியாவது வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால், அச்சாகாவிட்டாலும் இவ்வளவு தருவோம் என்று ஒரு தொகையாவது தாளில் ஏற வேண்டும். கட்டுரையாளர்களுக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் இப்படிக் கைவிட்ட கட்டுரைக்கும் ஒரு கட்டணம் கொடுப்பது வழக்கம்தான், தன் வாழ்க்கையையே கொண்டுவந்து கொடுக்கும் ஆளுக்கு மட்டும் அது ஏனோ ஞாபகத்துக்கு வருவதில்லை.

அதே நடிகைக்கு 2016 அக்டோபரில் வந்த 1,30,000 டாலர் பத்திரிகைப் பணம் இல்லை, நேராக வாய் மூடுவதற்கு. ஆனாலும் பணம் வந்த விதத்துக்காக அதையும் சொல்ல வேண்டும். வக்கீல் அதே டேவிட்சன்தான். அக்டோபர் 14-க்குள் பணம் என்று பேச்சு. தேதி போனது, பண்டிகை விடுமுறை, அது இது என்று கோஹன் சாக்குச் சொன்னார். 17-ஆம் தேதி டேவிட்சன் ஒப்பந்தம் ரத்து என்று மின்னஞ்சல் அனுப்பினார், கதை வேறு இடத்துக்குப் போகலாம் என்ற பயம் வந்தது. 27-ஆம் தேதி, தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், கோஹன் தன் வீட்டின் மேல் எடுத்த கடன் பணத்தை அனுப்பினார். எல்லாக் கழிவும் போக டேனியல்ஸ் கைக்கு வந்தது சுமார் 96,000. தவணை தப்பியதும் கதை சுதந்திரம் என்று சொல்ல முடிந்ததுதான் பணத்தை வரவைத்தது. நவம்பர் 8 தாண்டியிருந்தால் அந்த மிரட்டலுக்கு மதிப்பே இருந்திருக்காது.

பெக்கரை ஏன் இந்தப் பணத்தையும் கொடுக்கச் சொல்லவில்லை? சொன்னார்கள். வாயில்காப்பாளருக்கு 30,000, மெக்டூகலுக்கு 1,50,000, ஏற்கெனவே 1,80,000 போட்டாயிற்று, நான் என்ன வங்கியா என்கிற தோரணையில் மறுத்துவிட்டதாக அவரே சாட்சி சொன்னார்.

இது டிரம்புக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 2003 ஆகஸ்டில் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் நிற்கப் போவதாக அறிவித்த இரண்டாம் நாள், இதே நிறுவனம் ஒரு பெண்ணிடம் அவர் பற்றிய கதையை 20,000 டாலருக்கு வாங்கியது, விஷயம் தெரிந்த அவருடைய தோழிக்கு 1,000. இதை 2005-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அந்தக் கதையும் அச்சாகவில்லை. தொழிலுக்குள் இதற்கு ஒரு பெயரே உண்டு, கேட்ச் அண்ட் கில். பிடித்துப் போட்டு முடித்துவிடு.

பணம் எந்த நாளில் வரும் என்ற ஷரத்து எவ்வளவு விஷமாகலாம் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய கேஸ் உண்டு, இடையில் சொல்லிவிடுகிறேன். 1979-இல் லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி தோர்ப் மீது கொலைச் சதி வழக்கு. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி பீட்டர் பெசெல், அவரும் முன்னாள் எம்.பி. அவர் தன் கதையை சண்டே டெலிகிராப் இதழுக்கு விற்றிருந்தார்: தோர்ப்புக்குத் தண்டனை கிடைத்தால் 50,000 பவுண்டு, விடுதலையானால் 25,000. தீர்ப்பைப் பொறுத்துக் கூலி இரட்டிப்பாகும் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு என்ன வேண்டும்? தோர்ப் விடுதலையானார். பணம் கொஞ்சம் அதிகம் கிடைக்கட்டும் என்று போட்ட ஒரு நிபந்தனை சொல்லும் கதையின் நம்பகத்தையே தின்றுவிட்டது.

அப்புறம்

2016 நவம்பர் 4, தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால், மெக்டூகலுக்குப் பணம் கொடுத்த விஷயத்தை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. கதையை அமுக்கப் பணம் கொடுக்கவில்லை, பத்திகளுக்கும் அட்டைப்படத்துக்கும்தான் கொடுத்தோம் என்று நிறுவனம் சொன்னது. அந்த 25,000 டாலர் பகுதி எதற்கு ஒப்பந்தத்தில் இருந்தது என்பது இங்கேதான் புரிகிறது. வேட்பாளருக்கு உதவுவதற்காகக் கம்பெனி பணம் செலவழித்தால் அது தேர்தல் நிதிச் சட்டத்தில் மாட்டும், பத்தி எழுத வைத்துக் கூலி கொடுத்தோம் என்றால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். தப்பிக்கவில்லை. 2018-இல் அரசு வழக்கறிஞர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில், தேர்தலுக்கு முன் கதை வெளிவராமல் தடுக்கவே கொடுத்தோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோஹன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருடத் தண்டனை பெற்றார், அவர் ஒப்புக்கொண்டவற்றில் இந்த 1,50,000-மும் ஒன்று. 2021-இல் தேர்தல் ஆணையம் நிறுவனத்துக்கு 1,87,500 டாலர் அபராதம் போட்டது.

மெக்டூகல் மீது எந்த வழக்கும் வரவில்லை. ஆனால் நிம்மதியும் வரவில்லை. 2018 மார்ச் 20 அன்று, தன்னைக் கட்டிலிருந்து விடுவிக்கச் சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டேவிட்சன் தனக்காக வேலை செய்யவில்லை, பின்னால் கோஹனோடு பேசிக்கொண்டே இருந்தார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. டேவிட்சன் தரப்பு அதை ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் கூட்டுச் சதி எல்லாம் தேவையே இல்லை. கதைக்காரர் வாழ்க்கையில் ஒரு தடவை வருவார். வாங்கும் பத்திரிகை மாதாமாதம் வரும். பேரம் முடிந்தால்தான் 45 சதவீதம், முடியாவிட்டால் பூஜ்யம் என்றால் அந்தத் தரகர் எந்தப் பக்கம் சாய்வார் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும், அந்தப் பத்திரிகையோடு எந்தப் பழக்கமும் இல்லாத இன்னொரு வக்கீல் அந்தத் தாளை அரை நாள் படித்திருந்தால், உரிமை உண்டு, கடமை இல்லை என்ற வரியில் பேனாவை வைத்திருப்பார். அதற்கு ஆகியிருக்கும் செலவு 67,500-இல் ஒரு துளி.

வழக்குப் போட்ட இரண்டாம் நாள் சிஎன்என் தொலைக்காட்சியில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். ஒப்பந்தம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. ஏப்ரலில் சமரசம் ஆனது: கதை அவரிடமே திரும்பியது, 1,50,000-ஐத் திருப்பித் தர வேண்டாம், ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்குள் அந்தக் கதையை வைத்து அவர் சம்பாதித்தால் 75,000 டாலர் வரை நிறுவனத்துக்குப் பங்கு. விற்றவரிடமிருந்தே கமிஷன்! அதற்குள் உலகம் முழுக்க இலவசமாகக் கேட்டுவிட்ட கதைக்கு.

இதோடும் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன், பணம் வாங்கிய இரண்டு பெண்களின் செயலைப் பணம் பறிப்பு என்று நிகழ்ச்சியில் பேசினார். மெக்டூகல் அவதூறு வழக்குத் தொடுத்தார். அது மிகைப்படுத்திய பேச்சு, யாரும் அதை அப்படியே உண்மைத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி 2020 செப்டம்பரில் நீதிபதி தள்ளுபடி செய்தார். இத்தனைக்கும் அவர் டிரம்பிடம் போய்ப் பணம் கேட்கவில்லை, ஒரு பத்திரிகையிடம் விற்றார். கதையைப் பத்திரிகைக்கு விற்பது வியாபாரம். கதையில் வரும் ஆளிடமே போய் வாங்கிக்கொள்கிறாயா, வெளியிடட்டுமா என்று கேட்டால் விஷயம் சட்டப்படியே வேறு மாதிரி போய்விடும். இங்கே பத்திரிகை என்ற பெயரில் வாங்கியது யாருக்காக என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது, அதுவரை அவர் போட்ட கையெழுத்து எந்த வகையில் சேரும் என்பது அவர் கையில் இல்லை.

2024 மே 30 அன்று நியூயார்க் ஜூரி டிரம்பை 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. அந்த 34-உம் டேனியல்ஸுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் புத்தகத்தில் மறைத்தது பற்றியவை. மெக்டூகல் பெயர் விசாரணையில் நாள் கணக்காக அடிபட்டது, தாள்கள் எல்லாம் திரையில் காட்டப்பட்டன. அவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை.